கை சும்மா இருப்பதில்லை

எண்ணுவது என் தொழில்.
முப்பத்திரண்டு வருடம் குன்னூர் – மேட்டுப்பாளையம் வண்டியில்
பர்லியாறில் ஒருமுறை, கல்லாறில் ஒருமுறை
தலை எண்ணியவன்.
அதனால்தான் ஜமாஅத்தில் என்னைப் போட்டார்கள்.
போன வருடம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தேன் என்பது
இரண்டாவது காரணம்.

இந்த வருடம் முப்பத்தொரு பேர்.
தை மாதத்து ஞாயிறு, காலை எட்டு மணி.
பள்ளி மைதானத்துப் புல்லில் பனி இன்னும் வெள்ளையாக.
அங்கே நாற்பத்தைந்து டிகிரி என்கிறேன்.
மப்ளருக்குள்ளிருந்து முப்பத்தொரு வாய்
ஆவி விடுகிறது.
யாரும் நம்பவில்லை.
வெயில் என்றால் இவர்களுக்குத்
துணி காய்கிற நேரம், அவ்வளவுதான்.

தைக்காத துணி இரண்டு துண்டு.
உதுமான் கனி ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றிக்கொண்டார்.
கழற்றுங்க என்றேன்.
"அங்க போய்க் கழட்டுறேன்.
குன்னூர்க் குளிர் அல்லாவுக்குத் தெரியும்."

இஹ்ராமில் வாசனை கூடாது என்றார் ஹஸ்ரத்.
சோப்பு, அத்தர், தலைக்கு எண்ணெய்.
கடைசி வரிசையில் மெகராஜ் எழுந்து,
"யூகலிப்டஸ் தைலம்?"
மைதானமே அவர் வாயைப் பார்த்தது.
எல்லார் மூக்கும் சளி பிடித்த மூக்கு.
தாடியைத் தடவினார், பெரிய இடத்தில்
கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் சொல்லவில்லை.

பிறகு சொன்னார்:
ஹரம் எல்லைக்குள் மரம் முறிக்கக் கூடாது,
முள் ஒடிக்கக் கூடாது,
தானாய் முளைத்த புல்லைக்கூடக்
கிள்ளக் கூடாது.

அப்போது சபூரா அக்கா
தன் விரல்களைப் பார்த்ததை
நான் பார்த்தேன்.
எஸ்டேட்டில் முப்பத்தேழு வருடம்.
பணிக்கொடையும் ஒரு பசு விற்ற காசும்
சேர்த்துக் கட்டிய பயணம்.
நகக்கண்ணில் கறுப்பு,
எத்தனை ஒளுவுக்கும் போகாதது.

நடுவில் நாலு தேயிலைப் பெட்டி அடுக்கி
பள்ளி நாடக மேடைத் திரையைப் போர்த்தியிருந்தோம்.
கறுப்பு கிடைக்கவில்லை, கருநீலம்.
ஹஸ்ரத் முகம் சுளித்தார்.
திசைக்குத்தான் ஹஸ்ரத், தோளுக்குத்தான் என்றேன்.
இடது தோள் உள்பக்கம்.
ஏழு சுற்று.
என் பழைய விசில் இரண்டு முறை: ரைட்.

மூன்று சுற்று ஒழுங்காகப் போனது.
நாலாவதில் லாஸ் அருவிப் பக்கமிருந்து
மூடுபனி ஏறியது.
முதலில் பெட்டி காணோம். அப்புறம் ஹஸ்ரத்.
பிறகு வெள்ளைத் துணியெல்லாம் வெள்ளைக்குள் போக
குரல் மட்டும் சுற்றி வந்தது,
லப்பைக் நடுவே இருமல்.
"அங்கயும் இப்படித்தானா?" என்று ஒருவர்.
அங்கே பனி கிடையாது, மனிதர்கள்தான் இப்படி
என்றேன், பதில் எந்தப் பக்கம் போனதோ.

இருமலை வைத்து எண்ணினேன்.
முப்பது.
விசில். நில்லுங்க.
மறுபடி, தொட்டுத் தொட்டு.
முப்பது.

மைதானம் முடிந்து தோட்டம் தொடங்குகிற
கம்பிவேலி ஓரத்தில்
சபூரா அக்கா நின்றிருந்தார்.
சுற்றுகிறோம் என்றுதான் நடந்திருக்கிறார்.
கால் மாறிப் போனது தெரியவில்லை.
உதடு ஓதிக்கொண்டிருந்தது.
வலது கை வேலிக்கு அந்தப் பக்கம்.

அக்கா என்றேன்.

கையை இழுத்து விரித்தார்.
பிடி கொழுந்து.
முற்றிய இலை ஒன்றுகூட இல்லை,
பார்க்காமலே பறித்தது.

"நான் பறிக்கல தம்பி" என்றார்.
பொய்யில்லை அது.

அங்கே மக்காவில்
பறிக்கும்படி பெரிதாய் ஒன்றும் இல்லை அக்கா,
எல்லாம் சலவைக்கல் என்றேன்.
அவர் ஆறுதல் அடைந்த மாதிரி தெரியவில்லை.
கொழுந்தை எங்கே போடுவதென்று
தெரியாமல் நின்றார்.
கீழே போட அந்தக் கைக்குப் பழக்கமில்லை.
கூடையில்லாத முதுகைத் தொட்டுப் பார்த்தது ஒருமுறை.

கொடுங்க என்று வாங்கிச்
சட்டைப் பையில் போட்டேன்.
முப்பத்தொன்று, ரைட் என்றேன்.

இரவு பையைக் காலி செய்யும்போது
விசா படங்களின் உறையெல்லாம் ஈரம்.
வெள்ளைப் பின்னணியில் முப்பத்தொரு முகம்,
சிரிக்கக் கூடாதென்று எடுத்தவை.
உதுமான் கனியின் காதோரம் பச்சைக் கறை.
நாளை மறுபடி ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்ல வேண்டும்,
ஸ்வெட்டர் இல்லாமல்.